திறந்து கிடந்த பின்கதவு

தலைப்பிள்ளையைச் சுமக்கிற மகளை, வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு அழைத்து வருவது ஊர் உலகத்தில் எல்லாத் தாய்க்கும் உள்ள உரிமை. பாண்டியம்மாளின் அந்த உரிமையில் மண்ணைப் போட்டது அவள் வீட்டுக் கூரை.

தல்லாகுளத்தில் சம்பந்தி வீட்டு ஹாலில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மகள் அஸ்வினியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கியாயிற்று. சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து, கட்டுச்சோறும் கட்டியாயிற்று. திருமங்கலத்துக்குக் கிளம்ப வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மருமகனைப் பெற்ற தனபாக்கியம், இரண்டு பக்கத்து உறவும் கூடியிருந்த கூடத்தில் வாயைத் திறந்தாள்.

"மதினி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்கிறாதீங்க. உங்க வீட்டு வேக்காடு மனுசர் தாங்குற வேக்காடு இல்ல. போன வருசம் ஒரு ராத்திரி தங்குனதுக்கே எம்மகன் உடம்பெல்லாம் வேர்க்குருவோட வந்தான். புள்ளத்தாச்சிய அந்த அடுப்புக்குள்ள அனுப்ப எனக்கு மனசு வரல. ஒரு ஏ.சி. மாட்டுங்க. மாட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க."

"வெயிலு எல்லா வீட்டு மேலயுந்தான் மதினி அடிக்குது" என்றாள் பாண்டியம்மாள்.

"அடிக்கும். எங்க வீட்டுக்கு மேல ரெண்டு மாடி கெடக்குல்ல, அது தாங்கிக்கிரும்."

சிலர் சிரித்தார்கள். பாண்டியம்மாளின் அண்ணன் பெண்டாட்டிகூடச் சிரித்தாள். பாண்டியம்மாளுக்கு மூக்கு நுனி சிவந்துபோயிற்று. தனபாக்கியம் பொய் சொல்லியிருந்தால் அங்கேயே நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டிருப்பாள். சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் ஆத்திரம்.

"ஏ.சி. மாட்ட மாட்டேன்" என்றாள். "வீட்டையே குளுர வச்சிட்டு வந்து எம்மகளக் கூட்டிட்டுப் போறேன். இந்த வைகாசி முடியிறதுக்குள்ள."

அதற்கும் சிரித்தார்கள். அஸ்வினி மட்டும் மணையில் உட்கார்ந்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளைக் கூப்பிடப் போன வேன் கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடு திரும்பி வந்தது. புருசன் மலையாண்டியும் அதில்தான் வந்தார். அவர் நாற்கர சாலையில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிற மனுசர். சம்பந்தியம்மா என்றாலே தோளில் கிடக்கிற துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகுதான் மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு ஏ.சி.யத்தான் மாட்டிருவமே."

"நம்ம தெருவுல பொழுது சாஞ்சா டியூப் லைட்டே கண்ணடிக்குது. மிக்சி ஓட மாட்டேங்குது. இதுல ஏ.சி. ஓடுமாக்கும். நாளைக்கி அது நின்னுபோச்சுன்னு இன்னொருக்கா எம்மகளக் கூட்டிட்டுப் போறதுக்கா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்கு மேற்கே, முன்னே சோளமும் பருத்தியும் விளைந்த காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில்தான் அவர்கள் வீடு. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த பாண்டியம்மாள், கான்கிரீட் வீடுதான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிய வீடு. கிழக்கே வாசல், மேற்கே பின்கதவு. பின்பக்கம் வெறும் காடு என்பதால் திருட்டுக்குப் பயந்து அந்தச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை. பகலில்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். பொழுது இறங்கினால்தான் அந்த வீடு தன் வேலையைக் காட்டும். விட்டத்திலிருந்து சூடு இறங்கும். ஃபேனைப் போட்டால் வெந்நீரை வாரி இறைத்த மாதிரி இருக்கும். சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி.

மறுநாளே ரூத் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ரூத், பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். அதே தெருவில் அதே அச்சில் கட்டிய வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் புழுக்கம் இருக்காது. டீச்சர் ஏதோ மெஷின் வைத்திருக்கிறாள் என்றுதான் பாண்டியம்மாள் அதுவரை நினைத்திருந்தாள்.

"மெஷினெல்லாம் ஒன்னுமில்லக்கா" என்றாள் ரூத். "உங்க கூரை பகல் பூரா வெயிலக் குடிக்குது. குடிச்சதச் சாயங்காலம் உங்க தலையில கக்குது. ஃபேன் அந்தச் சூட்டக் கிண்டி விடுது, அம்புட்டுத்தான். ஏ.சி. போட்டாலும் கூரை கக்குறத நிறுத்தாது. அதுபாட்டுக்குக் கக்கும், இதுபாட்டுக்கு இழுக்கும்."

"அப்ப என்ன செய்ய?"

"குடிக்க விடாதீங்க. மேல வெள்ளையடிங்க. வெள்ளையில பட்ட வெயிலு வந்த வழியே திரும்பிப் போயிரும். மேற்குச் சுவர்ல சாயங்கால வெயில் விழாம கீத்துத் தட்டி சாத்துங்க. பகல் பத்து மணிக்கெல்லாம் ஜன்னல் கதவெல்லாம் மூடிருங்க."

"பகல்ல மூடுனா காத்து எப்படி டீச்சர் வரும்?"

"உச்சி வெயில்ல வெளிய இருக்கிற காத்து உங்க வீட்டுக் காத்தவிடச் சூடு. அத எதுக்கு விருந்துக்குக் கூப்பிடுறீங்க? பொழுது சாஞ்சு வெளிய குளுந்ததும் எல்லாத்தையும் தொறந்து போடுங்க. உள்ள கெடக்குற சூட்டக் காத்து அள்ளிக்கிட்டுப் போயிரும்."

பாண்டியம்மாள் அன்றைக்கே சுண்ணாம்பு வாங்கிவந்து ஊறப்போட்டாள். அதில் பசையைக் கலந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விடியற்காலையில் மொட்டைமாடி ஏறினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்திருக்கிறார்கள். மாடித் தரைக்கு யார் வெள்ளையடிப்பார்கள்?

"என்ன மதினி, காக்காய்க்குக் கல்யாணமா?" என்று எதிர்வீட்டு முனியாயி கேட்டாள்.

"ஆமா. ஒன் வீட்டு மாடிக் காக்காதான் மாப்ள. அங்க காலு சுடுதாம், வீட்டோட மாப்பிள்ளையா இங்கிட்டு வந்துருதாம்."

முனியாயி உள்ளே போய்விட்டாள். மலையாண்டி கடை விட்டு வந்து பின்கதவை விட்டு மேற்குச் சுவர் முழுக்கக் கீற்றுத் தட்டி கட்டினார். பகலில் வீடு சாத்திக் கிடப்பதைப் பார்த்து, ஊருக்குப் போய்விட்டார்கள் போல என்று தபால்காரர் இரண்டு தடவை திரும்பிப் போனார். எதற்கும் பாண்டியம்மாள் அசையவில்லை. நாலாம் நாள் மத்தியானம் மலையாண்டி ஸ்டூல் மேல் ஏறி விட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். முன்பெல்லாம் அங்கே கை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். இப்போது கையை வைத்தபடியே நின்றார்.

"சுடலடி" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

ஆனால் பொழுது சாய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறந்தது போலத்தான் ஆயிற்று. முன்னளவுக்கு இல்லை என்றாலும் புழுக்கம் புழுக்கம்தான். சமையலின் சூடு, ஆட்களின் சூடு, சுவரில் மிச்சமிருந்த சூடு எல்லாம் உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. ரூத் ஒரு வெப்பமானியைக் கொடுத்திருந்தாள். அவள் வீட்டு வெப்பமானி இருட்டியதும் சரசரவென்று இறங்கியது. இவள் வீட்டில் இருந்தது பிடித்த இடத்தை விடமாட்டேன் என்று நின்றது.

"அக்கா, நான் சொன்னபடி எல்லாத்தையும் தொறந்து போட்டீங்களா?"

"போட்டேன் டீச்சர். ஒன்னு விடாம."

அது பொய் இல்லை. அவள் மனசறிய எல்லாவற்றையும்தான் திறந்து போட்டிருந்தாள். டீச்சருக்குத் தலையைச் சொறிவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இதற்கிடையில் தல்லாகுளத்திலிருந்து போன் வந்தது. "வெள்ளிக்கிழம சாயங்காலம் அஸ்வினியக் கூட்டிட்டு வாரோம் மதினி" என்றாள் தனபாக்கியம். "ஒக்காந்து பாப்போம். இருக்க முடிஞ்சா விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா பிரசவம் இங்கதான். அப்புறம் அதப்பத்தி யாரும் பேசப்படாது."

பாண்டியம்மாள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் நின்றாள். மகள் பிள்ளை பெறும்போது தான் பக்கத்தில் இல்லாமல் எப்படி என்று நினைத்தாள், அழுகை வந்தது. அழுவதற்கு இது நேரமில்லை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரூத் நேரிலேயே வந்துவிட்டாள். எங்கே தப்பு நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பொழுது இறங்கியது. பாண்டியம்மாள் ஜன்னல்களைத் திறந்தாள், வாசல் கதவைத் திறந்தாள், பின்கதவைத் திறந்தாள். மேற்கேயிருந்து வைகாசிக் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. பிறகு அவள் முகம் கழுவி, திருநீறு பூசி, விளக்கில் எண்ணெய் விட்டு, திரியை நிமிண்டினாள். தீப்பெட்டியை எடுத்தவள், அதைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். காற்று கத்தரித்தாற்போல் நின்றது.

"அக்கா, அத எதுக்குச் சாத்துறீங்க?"

"விளக்கு வைக்கப் போறேன்ல."

"சரி. எப்பத் தொறப்பீங்க?"

"காலையில."

ரூத் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் லெட்சுமி வாசல் வழியே வருவாள். பின்கதவு திறந்து கிடந்தால் அந்த வழியே போய்விடுவாள். இது பாண்டியம்மாளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை; மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பார்களா என்ன? அதனால்தான் 'எல்லாத்தையும் திறந்தேன்' என்று சொன்னபோது அவள் கணக்கில் பின்கதவு வரவே இல்லை. மாதா கோவிலுக்குப் போகிற ரூத்துக்கோ இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. இருவருக்கும் நடுவில் அந்தக் கதவு நாள் தவறாமல் மூடிக்கொண்டிருந்தது.

பாண்டியம்மாள் மக்கு இல்லை. டீச்சர் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அவள் பிறந்த ஓட்டு வீட்டிலும் பின்கதவைச் சாத்தத்தான் செய்தார்கள். அங்கே நடுவில் முற்றம் இருந்தது. சூடு மேலே ஏறி வானத்துக்குப் போய்விடும். இங்கே மேலே கான்கிரீட். பின்சுவரில் ஜன்னலும் இல்லை. ஒரு வாயை மூடிவிட்டு மறு வாயால் காற்று வா என்றால் எப்படி வரும்? வந்த காற்று போவதற்கு வழி வேண்டாமா?

"இது உங்க சாமி காரியம்கா" என்றாள் ரூத், எழுந்துகொண்டு. "நான் ஒன்னும் சொல்லப்படாது."

அவள் போன பிறகு, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, பாண்டியம்மாள் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு திறந்ததும் காற்று அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. சோறு வடித்து இறக்குவதற்குள் வெப்பமானி இறங்க ஆரம்பித்துவிட்டது. மலையாண்டி அதையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கி வெள்ளிக்கிழம" என்றார். "அந்தம்மா கண்ணுல வெரல விட்டு ஆட்டும். அது இருக்கிற வரைக்குமாச்சும் சாத்தி வச்சிருவம்."

"சாத்துனா வேக்காடு. வேக்காடுன்னா எம்மகளக் கூட்டிட்டுப் போயிருவா."

"தொறந்து வச்சா, லெட்சுமி தங்காத வீடுன்னு கூட்டிட்டுப் போயிரும்."

பாண்டியம்மாள் போய்த் தட்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் சரியாகப் பொழுது சாய்கிற நேரத்துக்குக் கார் வந்தது. முதலில் தனபாக்கியம் இறங்கினாள், அப்புறம் மருமகன் சூரியபிரகாஷ், கடைசியாக அஸ்வினி. பிள்ளைக்குக் கால் வீங்கியிருந்தது. பாண்டியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, நடுக்கூடத்தில் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தாள்.

தனபாக்கியம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவள், விசிறிக்கொண்டு வந்த முந்தானையை நிறுத்தினாள். விட்டத்தைப் பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஏ.சி. பெட்டி எங்கேயாவது மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். ஃபேன்கூட ஓடவில்லை. அஸ்வினி கண்ணை மூடிச் சாய்ந்து, நெடுநாள் அடக்கி வைத்திருந்த மாதிரி ஒரு மூச்சு விட்டாள்.

"பரவால்லயே மதினி" என்று தனபாக்கியம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் பின்கதவில் போய் விழுந்தது.

"விளக்கு வைக்கிற நேரமாச்சு. பின்கதவு தொறந்து கெடக்கு."

"தெரியும் மதினி" என்றாள் பாண்டியம்மாள்.

அவள் விளக்கை ஏற்றினாள். சுடர் ஒரு தடவை நிமிர்ந்தது. பின்னாலிருந்து ஒரு காற்று வந்தது, விளக்கு அணைந்துவிட்டது.

திரியிலிருந்து புகை மட்டும் வாசல் பக்கம் ஓடியது. வெள்ளிக்கிழமை, வயிற்றுப் பிள்ளைக்காரி உட்கார்ந்திருக்கிற வீட்டில், ஏற்றிய விளக்கு அணைகிறது. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது தாயே என்று பாண்டியம்மாள் மனசுக்குள் கும்பிட்டாள். மலையாண்டி பதறிப்போய்ப் பின்கதவைப் பார்த்து ஓடினார்.

"கதவத் தொடாதீங்க."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. பாண்டியம்மாள் விளக்கைத் தூக்கி, காற்று எட்டாத சுவர் மூலையில் வைத்தாள். தீக்குச்சி ஒன்று முறிந்தது. இன்னொன்றைக் கிழித்து ஏற்றினாள். விளக்கு நின்று எரிந்தது.

"என்ன மதினி இது" என்றாள் தனபாக்கியம். அவள் குரலில் இப்போது இளக்காரம் இல்லை, பயம்தான் இருந்தது. "குளுர வைக்கிறேன்னு சொல்லி, வீட்டு லெட்சுமிய வெளிய தள்ளுறீங்களே. நல்லதுக்கா இது? மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்க."

"சாத்த மாட்டேன் மதினி. பகல் பூரா இந்த வீடு வெயில்ல கெடந்து வேகுது. பொழுது சாஞ்சா அந்தச் சூடு வெளிய போகணும். போற வழி அது. அத அடச்சுட்டு அந்தச் சூட்டுக்குள்ளயா எம்மகளப் படுக்க வைக்கச் சொல்றீங்க?"

"அப்ப லெட்சுமி போனாலும் பரவால்லயா?"

"கதவு தொறந்திருந்தா ஓடிப்போவான்னா, அவ இம்புட்டு நாளும் இருக்க மனசில்லாமத்தான் இருந்திருக்கா. பூட்டி வச்சாத்தான் இருப்பான்னா அப்படி ஒருத்தி எங்க வீட்டுக்கு வேணாம், போகட்டும். இருக்கிறவ தொறந்து போட்டாலும் இருப்பா."

சொல்லிவிட்டு விளக்கின் திரியை நிமிண்டிவிட்டாள்.

தனபாக்கியம் மகனைப் பார்த்தாள். சூரியபிரகாஷ் தரையைப் பார்த்தான்.

"இந்த வீட்டுல எம்பேரப்புள்ள பொறக்க வேணாம்" என்றாள் தனபாக்கியம். "அஸ்வினி, எந்திரி. கார்ல ஏறு."

அஸ்வினி எழுந்தாள். மகளை விட்டுக்கொடுக்கிற பேச்சு ஒன்றைத்தான் பேசிவிட்டோமோ என்று பாண்டியம்மாளுக்குத் தோன்றியது. அஸ்வினி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வளையல் குலுங்க மெதுவாக நடந்தாள். வரும்போது கழற்றிய செருப்பு வாசலில் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

பின்கதவு காற்றில் ஆடி ஆடிச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அஸ்வினி அதை அகலமாகத் திறந்து சுவரோடு சேர்த்துத் தள்ளி, அது மூடிக்கொள்ளாதபடி அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். காற்று அவள் முடியைக் கலைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனது.

"எங்கம்மா சோறு வடிச்சிருச்சு அத்த" என்றாள். "நீங்க இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."